கூப்பிட்ட குரலுக்கு

மணியின் கழுத்துப் பட்டையிலிருந்து கயிற்றைக் கழற்றும்போது ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். ஒரு நொடி அப்படியே நிற்பான். என்னை நிமிர்ந்து பார்ப்பான். “போ” என்பேன். அவ்வளவுதான், புல்வெளியின் அந்தக் கோடிக்குப் போய்விட்டிருப்பான். கையில் கயிறு மட்டும் தொங்க, நான் பின்னாலேயே நடப்பேன்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குக் கிழக்கே ரெட்மண்ட் என்ற ஊரில் இருக்கிறது மேரிமூர் பூங்கா. மொத்தம் 640 ஏக்கர். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு அது கிரிக்கெட் ஆடும் இடமாகத் தெரியும், கோடைக்காலக் கச்சேரி நடக்கும் இடமாகத் தெரியும். அதற்குள்ளேயே 40 ஏக்கர் நாய்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருப்பது நாய் வளர்க்கும் வரை எனக்கும் தெரியாது. வண்டி நிறுத்துமிடத்தில் நாயைக் கயிற்றோடுதான் இறக்க வேண்டும். கதவு தாண்டி உள்ளே போனதும் அவிழ்த்துவிடலாம். நாய் நம் பேச்சைக் கேட்க வேண்டும், கழிவை நாமே பையில் அள்ள வேண்டும். இப்படிச் சில விதிகள். மற்றபடி புல்வெளி, மரத்தடிப் பாதைகள், சதுப்பின் மேல் சிறு பாலங்கள், ஓரமாக சமாமிஷ் ஆறு. 1960களில் வெள்ளத் தடுப்புக்காக வளைவுகளை நிமிர்த்திவிட்டதால் ஆறு என்பதைவிட எங்கள் ஊர் வாய்க்கால் மாதிரிதான் இருக்கும். அமைதியாக, பழுப்பாக, அவசரமில்லாமல் போகும். கரையில் சில இடங்களில் நாய்கள் இறங்கி நீந்தத் துறைகள் இருக்கின்றன.

மணி என்று பெயர் வைத்தது நான்தான். மகள் வேறு ஏதோ ஸ்டைலான பெயர் வைக்கச் சொன்னாள். ஊரில் தெருவுக்கு ஒரு மணி உண்டு, நம் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும் என்று பிடிவாதமாக நின்றேன். அதன் விளைவு, பூங்காவின் நடுவில் நின்று “மணி! மணி!” என்று நான் கத்தும்போது சுற்றியிருப்பவர்கள் காதில் அது பணம், பணம் என்று விழுகிறது. “கிடைத்ததா?” என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

மணி 2020இல் வந்தான். உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த நேரம். நாய் வேண்டும் என்று அழுதவள் எட்டு வயது மகள். சரி என்றவர் என் கணவர். காலை ஆறு மணிக்கு மழையில் நனைந்துகொண்டு நாயை வெளியே கூட்டிப் போனவள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாப்பாடு, தடுப்பூசி, சோபாவில் ஒட்டிய முடி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக என் கணக்கில் சேர்ந்தன. வீட்டில் ஒரு உயிர் கூடினால் வேலை யாருக்குக் கூடும் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த விஷயம்தான்.

ஆனால் இந்த வேலையில் ஒரு வசதி இருந்தது. அதைச் செய்ய வீட்டை விட்டு வெளியே போயே ஆக வேண்டும்.

அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2009இல் கல்யாணமாகி எச்-4 விசாவில் வந்தேன். வேலைக்கு வந்தவரின் மனைவி என்பதற்கான விசா அது. கோவையில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தவள், இங்கே வந்த நாளிலிருந்து சம்பாதிக்கக் கூடாதவள் ஆனேன். கிரீன் கார்டு வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களின் துணைகள் வேலை செய்யலாம் என்ற விதி 2015 மே மாதம்தான் வந்தது. அது வந்தபோது என் கையில் மூன்று வயதுக் குழந்தையும், பயோடேட்டாவில் ஆறு வருட ஓட்டையும் இருந்தன. கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கடை, பள்ளி, மருத்துவர், கோயில் என்று ஓட்டினேன். எதற்காக வெளியே போகிறேன் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் எப்போதும் இருந்தது. பதில் இல்லாமல் ஒருநாளும் வெளியே போனதில்லை.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பைப் பெண்களைப் பற்றி எழுதிய ‘வொய் லாய்ட்டர்?’ என்ற புத்தகம் 2011இல் வந்தது. பொது இடத்தில் நிற்கும் பெண் தனக்கு அங்கே ஒரு வேலை இருப்பதாகக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, சும்மா சுற்றும் உரிமை அவளுக்கும் வேண்டும் என்பது அவர்கள் வாதம். படித்தபோது மும்பைக்கு மட்டுமில்லை, ரெட்மண்டுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. இந்த ஊரில் என்னை யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் காரணம் இல்லாமல் வெளியே நிற்க எனக்கே தெரியவில்லை. மணி என் காரணச் சீட்டு ஆனான். “நாயைக் கூட்டிட்டுப் போறேன்” என்றால் மேற்கொண்டு கேள்வி கிடையாது. நாய் ஓடும், நான் சும்மா சுற்றுவேன். ஒரு மணி நேரம், சில நாள் ஒன்றரை மணி நேரம்.

பூங்காவில் வண்டி நிறுத்த அப்போது ஒரு டாலர். என்னிடம் இருந்த கார்டு கணவரின் கணக்கோடு சேர்ந்த துணைக் கார்டு. நான் தேய்த்த மறுநொடி அவர் போனில் செய்தி வரும். “மறுபடியும் மேரிமூரா?” என்று சிரிக்கும் முகத்தோடு ஒரு குறுஞ்செய்தி அனுப்புவார். அவர் கெட்டவர் இல்லை. கணக்குக் கேட்கவும் இல்லை. ஆனால் நான் எங்கே இருக்கிறேன் என்பது ஒரு டாலர் விலையில் தினமும் அவருக்குத் தெரிந்துகொண்டிருந்தது. அவர் மதியம் எங்கே சாப்பிட்டார் என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. கோபப்பட இதில் ஒன்றுமே இல்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். அத்தனை முறை சொல்ல வேண்டியிருந்தது என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நாய்களுக்கென்று 40 ஏக்கர் என்று வீடியோவில் காட்டியபோது அம்மா நம்பவில்லை. “ஏஞ்சாமி, நாயி ஓடறதுக்குன்னே எடம் உட்டுருக்காங்களா? நம்மூர்ல ஊரே அதுகளுக்குத்தான?” என்றாள்.

உண்மைதான். கோபிசெட்டிப்பாளையம் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே நாயைக் கட்டிப்போட்டு நான் பார்த்ததே இல்லை. பகலெல்லாம் வயலிலும் வாய்க்கால் மேட்டிலும் திரிந்துவிட்டு, ராத்திரி சோற்றுக்கு வாசலுக்கு வந்து நிற்கும். கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் எங்கள் தோட்டத்தை ஒட்டித்தான் போகும். தண்ணீர் விட்டுவிட்டால் ஊர்ப் பையன்கள் எல்லாம் பாலத்து மேலிருந்து குதிப்பார்கள், கூடவே நாயும் குதிக்கும். என் தம்பி ஐந்து வயதில் நீச்சல் பழகிவிட்டான். எனக்கு அப்பச்சி இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிட்டார். கை கால் அடிக்கத் தொடங்கியிருந்தேன். குடுக்கையைக் கழற்ற இன்னும் நாலு நாள் போதும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த அந்த வருடம்தான் வயதுக்கு வந்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. திரட்டிச் சீர் முடிந்தது. அடுத்த தண்ணீர் வந்தபோது வாய்க்கால் மேட்டில் துணி துவைக்கத்தான் என்னை அனுப்பினார்கள். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. “இனி பொட்டப்புள்ள தண்ணியில எறங்கக் கூடாது கண்ணு” என்று அம்மாயி தலையைத் தடவித்தான் சொன்னாள். நாய் நீந்திக்கொண்டிருந்தது. நான் கரையில் உட்கார்ந்து தம்பியின் டவுசருக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன்.

2021 அக்டோபரில் ஒருநாள். இலையுதிர் காலத்தில் சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஏரி, ஆறு என்று கடந்து, பிறந்த இடத்துக்கே முட்டையிட வரும். முட்டையிட்டதும் செத்துப்போகும். அந்த மாதங்களில் செத்த மீன் கரையில் ஒதுங்குவது உண்டு. பச்சை சால்மனை நாய் தின்னக் கூடாது. அந்த மீனில் ஒரு வகைத் தட்டைப்புழு இருக்கும். அந்தப் புழுவுக்குள் ஒரு பாக்டீரியா. அது நாய்க்கு ஏறினால் ஒரு வாரம் போலக் கழித்துக் காய்ச்சல், வாந்தி, பேதி என்று தொடங்கும். மருத்துவம் பார்க்காவிட்டால் பெரும்பாலும் பிழைக்காது. பசிபிக் வடமேற்குப் பகுதியில் நாய் வளர்ப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த ஆபத்து இது.

மணி துறையிலிருந்து கொஞ்சம் தள்ளி நீந்திப் போய், ஒரு கிளையில் சிக்கியிருந்த மீனைக் கவ்விக்கொண்டான். கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தான். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். இன்னும் தள்ளிப் போனான். கரையோரம் இடுப்பளவு ஆழத்தில் நின்றுகொண்டு மீனை மெல்லத் தொடங்கினான். என் குரல் கிறீச்சிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். செருப்போடு, ஜீன்ஸோடு இறங்கிவிட்டேன்.

இருபத்தேழு வருடம் கழித்து ஓடுகிற தண்ணீரில் கால் வைத்தேன் என்பதெல்லாம் பிறகுதான் தோன்றியது. அப்போது தெரிந்தது குளிரும் சேறும்தான். நாலாவது அடியில் கால் உள்ளே போனது. இடுப்புக்கு மேல் தண்ணீர். செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது. எனக்கு நீந்தத் தெரியாது என்பது அந்த நொடியில் வயிற்றில் கல் மாதிரி இறங்கியது.

“அங்கேயே நில்லுங்கள். கத்தாதீர்கள்” என்று ஒரு குரல். அடிக்கடி அங்கே பார்க்கும் ஒரு வயதான பெண்மணி. எழுபது வயது இருக்கும், தனியாகத்தான் வருவார். பாக்கெட்டிலிருந்து பாலாடைக்கட்டித் துண்டை எடுத்து மணிக்குக் காட்டினார். அவனைத் திட்டவில்லை, துரத்தவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்று, கல்யாண வீட்டில் கூப்பிடுவது மாதிரிச் சந்தோஷமாகக் கூப்பிட்டார். மணி மீனைப் போட்டுவிட்டு அவரிடம் வந்தான். பட்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை எனக்கு நீட்டினார்.

கரையில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தபோது கேட்டார்: “நீங்கள் அவனைக் கூப்பிட்டு, அவன் வந்ததும் என்ன செய்வீர்கள்?”

“கயிறு போட்டு வீட்டுக்குக் கூட்டிப் போவேன்.”

“எப்போதுமா?”

யோசித்துப் பார்த்தேன். எப்போதும்தான். போகும் நேரம் வந்தால் மட்டும்தான் கூப்பிடுவேன்.

“அப்படியென்றால் உங்கள் குரல் அவனுக்கு என்ன சொல்கிறது? விளையாட்டு முடிந்தது என்று. அவன் ஏன் வருவான்?” என்றார். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை ஏதாவது தின்னக் கொடுத்து, தடவிவிட்டு, மறுபடியும் போ என்று விட்டுவிட வேண்டும். தாமதமாக வந்தாலும் வந்ததற்காகத் திட்டவே கூடாது. நாய் பழக்குகிறவர்கள் எல்லோரும் சொல்லும் அடிப்படைப் பாடம்தான் இது, அவருடைய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஆனால் அதைக் கேட்டபோது எனக்கு மணி ஞாபகம் வரவில்லை. வாய்க்கால் மேட்டில் நின்று அம்மா கூப்பிட்ட குரல்தான் ஞாபகம் வந்தது.

என்னைக் கூப்பிட்ட எந்தக் குரலும் என்னை மறுபடி விட்டதில்லை. விளையாட்டிலிருந்து கூப்பிட்டால் பாத்திரம். தோழி வீட்டிலிருந்து கூப்பிட்டால் விருந்தாளி. கல்லூரி வேலையிலிருந்து கூப்பிட்டது கல்யாணத்துக்கு. “கூப்பிட்ட குரலுக்கு வர்ற புள்ள” என்று ஊரில் எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயருக்காக ஒவ்வொரு முறையும் எதை விட்டுவிட்டு வந்தேன் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நானும்தான்.

பெண்ணை நாயோடு ஒப்பிடலாமா என்று உங்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். எனக்கும் இருந்தது. நம் மொழியில் ஒரு பெண்ணைத் திட்ட முதலில் எடுக்கும் சொற்களில் ஒன்று அது. ஆனால் அந்தத் திட்டுக்குள் ஒரு குட்டு இருக்கிறது. தெருவில் திரிகிறாள், கட்டுப்பாடு இல்லாதவள் என்பதுதானே அதன் அர்த்தம்? பெண்கள் திரிவதுதான் அவர்களுக்குக் குற்றம் என்றால், அந்தச் சொல்லைக் கண்டு நான் ஏன் கூச வேண்டும்?

வீட்டுக்கு ஒற்றைச் செருப்போடு போய் நின்றேன். கால்நடை மருத்துவரிடம் கேட்டாயிற்று. மீனில் எவ்வளவு தின்றான் என்று தெரியாததால் நாள் எண்ணிக் கவனிக்கச் சொன்னார்கள். கணவர் முதலில் பயந்தார், அப்புறம் கோபப்பட்டார்.

“இனிமே நீ தனியாப் போக வேண்டாம். சனிக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன்.”

“அவனுக்கு வாரத்துக்கு ஒருநாள் போதாதுங்க.”

“நாய் தண்ணில விழுந்தா நீந்தும். நீ விழுந்தா என்ன பண்ணுவ?”

நியாயமான கேள்வி. அதுதான் அந்தச் சண்டையில் கஷ்டம். நம்மை வீட்டில் உட்கார வைக்கும் வார்த்தைகள் பெரும்பாலும் அக்கறையாகத்தான் வருகின்றன, பெரும்பாலும் அவற்றில் உண்மையும் இருக்கிறது. ஆனால் ஒரே உண்மையிலிருந்து இரண்டு முடிவுக்குப் போகலாம். உனக்கு நீந்தத் தெரியாது, அதனால் போகாதே என்பது ஒன்று. உனக்கு நீந்தத் தெரியாது, அதனால் கற்றுக்கொள் என்பது இன்னொன்று. அப்பச்சி இரண்டாவதைச் செய்துகொண்டிருந்தார். பாதியில் நிறுத்தியவர்கள் முதலாவதைச் செய்தார்கள்.

“நீச்சல் கத்துக்கிறேன்” என்றேன்.

“இந்த வயசுலயா?”

“பன்னெண்டு வயசுல உடலையே. வேற எந்த வயசுல கத்துக்கிறதுங்க?”

அவர் பதில் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. மறுநாள் காலை மணியை அவரே வெளியே கூட்டிப் போனார். எட்டு நாள் அவன் சாப்பிடுகிறானா, காய்ச்சல் அடிக்கிறதா என்று இருவரும் மாறி மாறிப் பார்த்தோம். மணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பெரியவர்களுக்கான தொடக்க நிலை நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். முழங்கால் வரை மறைக்கும் நீச்சலுடையைத் தேடி வாங்கினேன். முதல் நாள் துண்டை எடுத்துவிட்டுக் குளத்தில் இறங்கப் பத்து நிமிடம் ஆனது. அங்கே என்னைப் போலவே வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்த பெண்கள் இருந்தார்கள். ஏன் சிறு வயதில் கற்றுக்கொள்ளவில்லை என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மல்லாக்க மிதக்க மூன்று வாரம், மூச்சை விட்டுவிட்டு முகத்தை முக்க இரண்டு மாதம். இன்றும் நான் நன்றாக நீந்துகிறேன் என்று சொல்ல மாட்டேன். மூழ்க மாட்டேன், அவ்வளவு தெரியும்.

2023 செப்டம்பரிலிருந்து ஒரு பள்ளியில் உதவி ஆசிரியராகப் பகுதி நேரம் வேலை பார்க்கிறேன். சின்னச் சம்பளம். சொந்தக் கணக்கு. வண்டி நிறுத்தும் காசு இப்போது அதிலிருந்து போகிறது. கணவருக்குச் செய்தி போவதில்லை. “இன்னைக்கு மேரிமூர் போனியா?” என்று அவர் சில நாள் கேட்கிறார். போனேன், போகவில்லை என்று சொல்கிறேன். சொல்வதும் சொல்லாததும் என் கையில் இருப்பதால் சொல்லத் தோன்றுகிறது.

2024 வசந்தத்தில் மகள் வயதுக்கு வந்தாள். அவளுக்கும் பன்னிரண்டு. செய்தி சொன்னதும் அம்மா போனில் அழுதாள், சந்தோஷத்தில்தான். சீரைப் பற்றிப் பேசினாள், உளுந்தங்களியைப் பற்றிப் பேசினாள். கடைசியாக, “இனி தண்ணிக்கெல்லாம் அனுப்பாத சாமி” என்றாள். ஒரு நொடி என் வாயில் “சரிம்மா” என்பது வந்துவிட்டது. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. அதை விழுங்கிவிட்டு, “அவ நீந்துவாம்மா. உன்ற அப்பன் இருந்திருந்தா அதத்தான் சொல்லியிருப்பாரு” என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “எனக்குங்கூட அவரு கொடுக்கை கட்டி உட்டாரு” என்றாள். எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். அம்மா எந்த வயதில் கரையேறினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஜூலையில் மூவரும் மேரிமூர் போனோம், நான், மகள், மணி. நல்ல வெயில். துறை முழுக்க நாய்கள். மகள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பந்தை எறிய, மணி போய்ப் போய் எடுத்து வந்தான். ஒவ்வொரு எறிக்கும் ஓரடி தள்ளிப் போய்க்கொண்டே இருந்தாள். அவளுக்கு என்னைவிட நன்றாக நீந்தத் தெரியும். தெரிந்தும் எனக்குக் கரையில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். என் அம்மாவின் குரல் அப்படியே என் தொண்டையிலிருந்து வந்தது.

மகள் திரும்பினாள். முகம் சுருங்கியது. அந்தச் சுருக்கம் எனக்குத் தெரியும். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கரையேறி வந்தாள். மணியும் பின்னாலேயே வந்து உடம்பை உதறி எங்கள் இருவரையும் நனைத்தான்.

“கிளம்பணுமா?” என்றாள்.

டப்பாவைத் திறந்து மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்த் துண்டு ஒன்றை நீட்டினேன். மணிக்கு ஒரு பாலாடைக்கட்டித் துண்டு.

“இல்ல. அந்தக் கிளைக்கு அங்கிட்டு மட்டும் போகாத, அங்க சேறு. போ.”

நம்பாமல் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் ஓடினார்கள். நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு பின்னால் இறங்கினேன்.